மாவு மில் வாசலில் ஒரு புத்தகப் பெட்டி

மேற்குக் கென்யாவில் ஒரு கிராமத்துக்குப் புத்தகம் கொண்டுபோக நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பள்ளிக்கூடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் போஷோ மில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

போஷோ மில் என்பது மக்காச்சோளம் அரைக்கிற மாவு மில். தகரக் கூரை, டீசல் எஞ்சின், சுவர் முழுக்க மாவுத் தூசி. அந்தப் பக்கத்தில் உகாலி இல்லாமல் சாப்பாடு கிடையாது. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிண்டுகிற கெட்டிக் களி அது. அதனால் சில நாளுக்கு ஒரு தரம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது மில்லுக்கு வந்தாக வேண்டும். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் தலையில் சோளத்தைச் சுமந்துகொண்டு வருவார்கள். வந்தவுடன் அரைத்துவிட முடியாது. டீசலை மிச்சம் பிடிக்க, நாலைந்து பேர் சேர்ந்த பிறகுதான் மில்காரர் எஞ்சினைக் கிளப்புவார். அதுவரை செய்ய வேலையும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. ஒரு விவசாயக் குடும்பத்தின் நாளில் படிப்பதற்கு இதைவிடத் தோதான நேரம் எதையும் நான் பார்க்கவில்லை.

நான் வேளாண்மை படித்தவள். விக்டோரியா ஏரிக்கரையில், ஹோமா பே கவுண்ட்டியில், ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பயிர்தான் என் பொறுப்பு. புத்தகத்தின் பக்கம் என்னை இழுத்துவிட்டது ஒரு களை.

அந்தப் பக்கத்தில் வாழ்கிற லுவோ மக்கள் அதைக் கயோங்கோ என்பார்கள். தாவரவியல் பெயர் ஸ்ட்ரைகா. நம்மூர்க் கரும்பிலும் சோளத்திலும் வருகிற சுடுமல்லிக்கு அக்கா முறை. இளஞ்சிவப்புப் பூவோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சிவிடும். மண்ணுக்கு மேலே அது தலை காட்டும்போது கீழே சேதம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தூள் போன்ற அந்த விதை இருபது வருடம் வரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கும். பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போய், நிலத்தையே தரிசாக விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நல்ல வழி ஒன்று அதே ஏரிக்கரையில்தான் உருவானது. ம்பிட்டாவில் இசிப்பே என்கிற பூச்சியியல் ஆய்வு மையத்தின் வளாகம் இருக்கிறது. 1970-ல் கென்ய விஞ்ஞானி தாமஸ் ஒதியாம்போ தொடங்கிய மையம் அது. 1990-களில் அங்கே இந்தியாவிலிருந்து போன ஜெயவுர் கானின் குழு, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து, 'புஷ்-புல்' என்ற முறையை உருவாக்கியது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டும். ஓரத்து நேப்பியர் அதைத் தன் பக்கம் இழுக்கும். நேப்பியரில் முட்டையிட்டால் பொரிக்கிற புழுக்களில் பெரும்பாலானவை பிழைக்காது. துளைப்பானுக்காக நட்ட டெஸ்மோடியம் ஸ்ட்ரைகாவையும் அடக்குகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் வேர் விடுகிற ரசாயனங்களில் சில ஸ்ட்ரைகா விதையை முளைக்கத் தூண்டும், வேறு சில முளைத்ததை மக்காச்சோள வேரில் ஒட்டவிடாமல் தடுக்கும். ஒட்ட இடமில்லாமல் முளை செத்துப்போகும். கூடவே மாட்டுக்கு இரண்டு வகைத் தீவனம், மண்ணுக்குத் தழைச்சத்து.

கேட்க எளிதாக இருக்கிறதா? செய்வது அப்படியில்லை. டெஸ்மோடியம் விதை பொடிப்பொடியாக இருக்கும், விலையும் அதிகம். மணலோடு கலந்து விதைக்க வேண்டும். முதல் சில வாரம் அது மெதுவாகத்தான் வளரும். கண் பழகாதவர்கள் களை என்று நினைத்து அதையே கொத்திப் போட்டுவிடுவார்கள். எப்போது வெட்டிவிட வேண்டும், எவ்வளவு உயரத்தில் வெட்ட வேண்டும், நேப்பியரை எத்தனை வரிசை வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பலன் முழுசாகத் தெரிய ஒரு போகத்துக்கு மேல் ஆகும். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்தால் அடுத்த மழைக்குள் பாதி மறந்துபோகும். வேளாண் அலுவலர் ஒருவருக்கு எத்தனையோ கிராமங்கள். அவர் திரும்பி வரும்வரை யாரைக் கேட்பது? வயலில் நிற்கிற ஆளின் கையில் ஒரு காகிதம் இருந்தாக வேண்டும்.

காகிதத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஆங்கிலத்தில், பளபளப்பான தாளில், வண்ணப் படத்தோடு துண்டுப் பிரசுரங்கள் வந்தபடியே இருந்தன. கூட்டத்துக்கு வந்த ஆண்கள் அவற்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் மண்வெட்டி பிடிப்பது பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் நீட்டினால் "எனக்குப் படிப்பு வராது" என்று சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

அதை நான் முழுசாக நம்பவில்லை. அதே பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் லுவோ மொழிப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாடினார்கள். லுவோ பைபிள் இல்லாத வீடு அபூர்வம். கைபேசி வழிப் பணம் அனுப்புகிற எம்-பெசாவில் பணம் வந்தால் எஸ்எம்எஸ்ஸில் தொகையைச் சரிபார்க்க அவர்களுக்கு ஆள் தேவைப்படவில்லை. படிப்பு வராது என்று அவர்கள் சொன்னதற்கு, ஆங்கிலம் வராது என்றுதான் பொருள். பலருக்கு இன்னொரு காரணமும் இருந்தது: வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பொடி எழுத்து கலங்கலாகத் தெரிகிறது, அதைச் சொல்லக் கூச்சம். படிக்கத் தெரியாது என்று சொல்லிவிடுவது அதைவிட எளிது.

எனவே முதல் செலவு புத்தகத்துக்கு இல்லை, கண்ணாடிக்கு. கிசுமு சந்தையில் வாங்கிய மலிவான ரெடிமேட் கண்ணாடிகளைக் கயிற்றில் கட்டி மில் சுவரில் தொங்கவிட்டோம். அடுத்தது, தாள். ஒரு விஷயத்துக்கு ஒரே ஒரு ஏ4 தாள், லுவோ மொழியில், பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற அதே எழுத்துமுறையில், 18 புள்ளி அளவு எழுத்தில்.

எந்த விஷயத்தை முதலில் அச்சிடுவது என்பதில் அலுவலகத்தில் பெரிய விவாதம். எல்லோரும் புஷ்-புல் என்றார்கள். நான் உப்புச் சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்வேன். முதல் தாளில் இருப்பது, வீட்டில் இருக்கிற பொருளை வைத்து அன்றைக்கே செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்று போகம் காத்திருந்து பலன் பார்க்கிற விஷயத்தை, காகிதத்தின் மேல் நம்பிக்கை வராத ஆளிடம் கொடுத்துப் பயனில்லை.

உப்புச் சோதனை என்னவென்றால்: மூடியோடு ஒரு கண்ணாடிப் பாட்டில், உள்ளே ஈரமே இருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மக்காச்சோளம் போட வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்த உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, பதினைந்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். கண்ணாடியின் உட்பக்கம் உப்பு ஒட்டியிருந்தால் சோளத்தில் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் காயவைக்காமல் மூட்டை கட்டக் கூடாது. ஒட்டவில்லை என்றால் 15-க்குக் கீழே வந்துவிட்டது. மாதக்கணக்கில் வைக்கப் போகிறவர்கள் இன்னும் ஒரு நாள் வெயில் காட்டி 13.5-க்குப் பக்கத்தில் கொண்டுவருவது நல்லது.

இது பூஞ்சாணத்தால் சோளம் வீணாகிறது என்பதோடு நிற்கிற விஷயம் இல்லை. ஈரச் சோளத்தில் வளர்கிற பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 2004-ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில், மக்குவேனி, கிட்டுயி பக்கம், அப்படிப்பட்ட சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இந்த ஒரு வரியைத் தாளின் அடியில் தடித்த எழுத்தில் போட்டோம்.

மில்லில் காத்திருந்த பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒருவன் படிக்க, இன்னொருத்தி குலுக்க, மற்றவர்கள் எண்ண. நான் எதிர்பார்க்காத ஆதரவு மில்காரரிடமிருந்து வந்தது. ஈரச் சோளம் சல்லடையில் அப்பிக்கொண்டு அவருக்கு வேலை கெடும். அவர் தானே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, சந்தேகமான சோளம் வந்தால் குலுக்கிக் காட்டி, "போய்க் காயவைத்துக்கொண்டு வா, எப்படி என்று அந்தத் தாளில் போட்டிருக்கிறது" என்று அனுப்ப ஆரம்பித்தார். எங்கள் நிறுவனத்தில் அத்தனை பேர் பேசியதைவிட அவர் பேச்சு எடுபட்டது. ஊரில் யாருக்கு இதனால் சொந்த லாபம் உண்டோ அவரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பயிற்சி கொடுத்துப் படி கொடுத்து ஆள் வைப்பதெல்லாம் பிறகு.

புஷ்-புல் தாள் இரண்டாவதாகத்தான் வந்தது. அதை ஒரே தாளில் அடக்காமல் மாதவாரியாகப் பிரித்தோம்: மார்ச்சில் நீண்ட மழைக்காலம் தொடங்குமுன் ஒன்று, முதல் களையெடுப்புக்கு ஒன்று, வெட்டிவிடும் காலத்துக்கு ஒன்று. களையெடுப்புத் தாளில் எழுத்து கொஞ்சம்தான். டெஸ்மோடியம் நாற்றையும் அதைப் போலவே தெரிகிற களைகளையும் நிஜ அளவில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருந்தோம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து ஒப்பிட்டுப் பார்த்துக் கொத்தினார்கள். சேறு பட்டு, மழையில் நனைந்து, ஒரு மாதத்தில் அந்தத் தாள் கந்தலாகிவிடும். வந்து இன்னொன்று கேட்பார்கள். அச்சிட்ட தாள் பயன்படுகிறதா என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் தெரியாது. அலமாரியில் சுத்தமாக இருக்கிற கையேட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மில் சுவரில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் தொங்கவிட்டது பிறகு. கேள்வி எழுதுவதற்கு என்று வைத்தது. முதலில் பள்ளிப் பையன்கள் கால்பந்து அணிகளின் பெயரை எழுதி வைத்தார்கள், சரி, எழுதட்டும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு டானியின் பேரன் (டானி என்றால் பாட்டி) அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதியிருந்தான். டெஸ்மோடியம் விதை வாங்கக் காசில்லாமல், பக்கத்து வயலில் வளர்ந்திருந்த கொடியைக் கணுவோடு வெட்டி மழை நேரத்தில் நட்டிருக்கிறார் அந்தப் பாட்டி. பிடித்துக்கொண்டது. எத்தனை கணு மண்ணுக்குள் போக வேண்டும், எந்த நேரத்தில் வெட்டினால் வாடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. கொடித்துண்டு நட்டுப் பெருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் தாளில் அது இல்லை, இவர் எழுதியதைப் போல நுணுக்கமாக யாரும் எழுதியும் தரவில்லை.

அதைத் தட்டச்சு செய்து, அவர் பெயரை மேலே பெரிதாகப் போட்டு, அடுத்த தாளாக வெளியிட்டோம். அன்றிலிருந்து நிலைமை மாறியது. அவரைத் தெரிந்த எல்லோரும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார்கள். "ந்யார் இந்தியா, அந்தக் கிழவிக்கு என்ன தெரியும்? நான் சொல்கிறேன், எழுதிக்கொள்" என்று அவர் வயதுள்ள இன்னொருவர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். (ந்யார் என்றால் மகள். அங்கே மருமகளாகப் போகிற பெண்ணை அவள் பிறந்த ஊரின் பெயரால் கூப்பிடுவார்கள். எனக்கும் அப்படியே கிடைத்தது.) பொறாமை இவ்வளவு நல்ல காரியம் செய்யும் என்று எந்த வளர்ச்சித் திட்டத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வாசிப்பை வளர்ப்பது பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் வாங்குகிற பக்கத்தையே பேசுகிறார்கள்: எத்தனை புத்தகம் வந்தது, எத்தனை பேர் எடுத்தார்கள். நான் பார்த்த வரையில், அந்த ஊரின் ஒரு ஆள் எழுதியது அச்சில் வந்த பிறகுதான் மற்றவர்கள் அச்சை மதித்துப் படித்தார்கள்.

நோட்டில் சண்டையும் நடந்தது. 2017-ல் கென்யாவுக்கு வந்த படைப்புழு (அடுத்த வருடம் இந்தியாவுக்கும் வந்ததே, அதே புழுதான்) மக்காச்சோளக் குருத்தைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்தது. குருத்துக்குள் ஒரு சிட்டிகை சாம்பலும் மண்ணும் போட்டால் புழு சாகிறது என்று ஒருவர் எழுத, மழை பெய்தால் கரைந்து ஓடிவிடுகிறது, கையால் முட்டைக் குவியலை நசுக்குவதுதான் உருப்படி என்று இன்னொருவர் கீழேயே பதில் எழுதினார். எது சரி என்று தீர்ப்பு எழுதச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு, யார் எந்த மழையில் எத்தனை வாரப் பயிரில் செய்தார்கள் என்பதையும் சேர்த்தோம். படிக்கிறவர் தன் வயலுக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

கதைப் புத்தகங்களுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் சைடே நிறுவனம் நடத்துகிற 'ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக்' தளத்தில் ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, லுவோ உட்பட. யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். அவற்றை ஹோமா பே டவுனில் பிரிண்ட் எடுத்து, நடுவில் தைத்து, பெட்டியில் போட்டோம். பிள்ளைகள் மனசுக்குள் படிக்கவே இல்லை, எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்திப் படித்தார்கள். காத்திருந்த பெரியவர்கள் கேட்டார்கள், உச்சரிப்பைத் திருத்தினார்கள், கதை அப்படி முடியக் கூடாது என்று வாதம் செய்தார்கள். ஆங்கிலமும் சுவாஹிலியும் பரீட்சைக்கு என்று படித்த பிள்ளைகளிடம், வீட்டு மொழியிலும் புத்தகம் இருக்கிறது என்பதே ஒரு செய்தியாக இருந்தது. தாய்மொழியில் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று ஒரு ஆசிரியர் வருத்தப்பட்டார். அவரோடு நான் வாதாடவில்லை. ஆங்கிலக் கதைகளையும் அதே பெட்டியில் வைத்தேன். லுவோவில் கதையைத் தெரிந்துகொண்ட பிள்ளை அதே படமுள்ள ஆங்கிலப் புத்தகத்தைத் தானாகவே எடுத்தது.

எங்களுக்கு முன்னால் இன்னொரு அமைப்பு வெளிநாட்டிலிருந்து நன்கொடைப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்திருந்தது. பனிச்சறுக்கு, பழைய கணினிக் கையேடு, பாதித் தொகுதி கலைக்களஞ்சியம். விலை உயர்ந்தவை என்று ஒரு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள்; கரையான் மட்டும் படித்துக்கொண்டிருந்தது.

கரையான் என்றதும் ஞாபகம் வருகிறது. மர அலமாரி வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் விடுதிக்கு எடுத்துப்போகிற தகரப் பெட்டி எல்லாச் சந்தையிலும் கிடைக்கும், அதைச் செங்கல் மேல் வைத்தால் போதும். மாவுத் தூசி எல்லாவற்றிலும் படியும், தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பூட்டு வேண்டாம். அபராதம் வேண்டவே வேண்டாம். அபராதம் போட்ட ஊரில் புத்தகத்தைத் தொலைத்த பிள்ளை மறுபடி வராது. சனிக்கிழமை கூட்டம் போடாதீர்கள், லுவோ கிராமங்களில் அது பெரும்பாலும் அடக்க நாள். சந்தை நாளில் கூட்டம் போட்டாலும் ஆள் வராது. விதை பற்றிய தாளில், கெஃபிஸ் என்ற அரசு நிறுவனத்தின் ஸ்டிக்கரைச் சுரண்டி அந்த எண்ணை எஸ்எம்எஸ் அனுப்பினால் விதை அசலா என்று தெரியும் என்பதைப் படத்தோடு போடுங்கள். போலி விதையால் ஒரு போகம் இழந்தவருக்கு, படிப்பால் என்ன லாபம் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில் தீராத ஒரு குறை உண்டு. மே, ஜூன் மாதங்களில் போன அறுவடைச் சோளம் தீர்ந்திருக்கும், புதியது ஜூலை கடைசியில்தான் வரும். அப்போது அரைக்கச் சோளமே இல்லை, மில்லில் கூட்டமும் இல்லை, பெட்டியைத் திறக்க ஆளும் இல்லை. பசி வருகிற வீட்டிலிருந்துதான் வாசகர் முதலில் காணாமல் போகிறார். அந்த இரண்டு மாதம் பெட்டியை ஏரிக்கரைக்கு, ஒமேனா மீன் காயவைக்கிற பெண்களிடம் மாற்றிப் பார்த்தோம். வெயில் ஏற ஏற மீனைக் கிளறிவிட வேண்டும், பறவை விரட்ட வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரம் துண்டு துண்டானது. கதை ஓடவில்லை, ஒரு பக்கத் தாள்கள் ஓரளவு ஓடின.

கென்யாவின் வடகிழக்கில் கரிஸ்ஸாவில் 1996-ல் தேசிய நூலகத் துறை ஒட்டகத்தில் புத்தகம் கொண்டுபோக ஆரம்பித்தது. அதன் படத்தைப் பார்த்தவர்கள் "நீங்களும் ஒரு ஒட்டகம் வாங்கலாமே" என்று என்னிடம் கேட்டதுண்டு. அங்கே இடம்பெயர்ந்து வாழ்கிற மேய்ச்சல் மக்கள், அதனால் ஒட்டகம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துகொண்டுதானே இருந்தார்கள்.

இங்கிருந்து எப்படி உதவலாம் என்று கேட்கிறவர்களுக்கு: தயவுசெய்து புத்தகம் அனுப்பாதீர்கள், கப்பல் கூலியில் அங்கேயே பல மடங்கு அச்சிடலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஆப்பிரிக்கக் கதைகள் சில தமிழிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றைப் படித்துக் காட்டலாம், நம் கதைகளை அந்தப் பக்கம் போகிற மாதிரி எளிய ஆங்கிலத்தில் ஏற்றலாம். காசு கொடுப்பதாக இருந்தால் அச்சுக்கும் கண்ணாடிக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். கண்ணாடியில் அதிகம் கேட்கப்பட்டது இரண்டும் இரண்டரையும் பவர்தான். ஒன்று பவர் வாங்கினால் யாரும் எடுக்காமல் அப்படியே தொங்கும்.